‘சேதனம்’ என்னும் சொல்லுக்குப் பிணை நிற்பவர் யார்?

(இரணைமடுவில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



நீதிமன்றத்திலே ஒரு சாட்சி கூண்டில் ஏறி நின்று ஒன்றைச் சொன்னால், அதனை அப்படியே ஏற்றுக்கொள்வார் எவருமில்லை. சொல்பவர் யார், அதை அவர் தம் கண்ணாற் கண்டாரா, அப்படிச் சொல்வதால் அவருக்கு ஏதும் இலாபம் உண்டா என்றெல்லாம் எதிர்த்தரப்பார் குறுக்கு விசாரணை செய்வர். ஆனால் கடைக்குச் சென்று ஒரு பொதியைக் கையில் எடுத்தால், அதன் மேல் ஒட்டியிருக்கும் சுட்டுத்துண்டும் ஒரு சாட்சியே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கடைக்காரர் ‘லேபல்’ என்பாரே, அதனைத்தான் சொல்கிறேன். உள்ளே இருப்பது இன்னது என்று அது சத்தியம் செய்கிறது. அந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பவர் நம்மிடையே எவருமில்லை.

இரணைமடுக் குளத்தின் கீழே இருபதினாயிரம் ஏக்கருக்கு மேல் விளைவிக்கும் உங்களுக்கு இதில் இரட்டை வழக்கு உண்டு. காலபோகம் முடிந்ததும் நீங்கள் நெல்லை விற்கிறீர்கள். அந்தப் பணத்தைக் கொண்டே எண்ணெயும் பிஸ்கற்றும் சோயா இறைச்சியும் கோழித்தீவனமும் வாங்குகிறீர்கள். விற்கும்போது, இரசாயனம் தொடாமல் விளைவித்த நெல்லானாலும் மற்ற நெல்லோடு ஒரே விலைக்கு ஒரே தராசில் ஏறுகிறது. வாங்கும்போது, பொதியினுள்ளே மரபணு மாற்றப்பட்ட பொருள் இருக்கிறதா இல்லையா என்பதை அறிய உங்களுக்கு வழி தெரிவதில்லை. உண்மையைச் சொல்லவும் முடியவில்லை, உண்மையைக் கேட்கவும் முடியவில்லை. இந்த நிலையைப்பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிடவேண்டும். ‘பீ.ஜீ.’ என்றும் ‘ஏ.ரி.’ என்றும் இலக்கமிட்ட நெல்லினங்களை மரபணு மாற்றப்பட்ட நெல் என்று சிலர் மேடைகளிற் பேசுகிறார்கள். அது தவறு. பத்தலேகொடவிலும் அம்பலாந்தோட்டையிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்களிலே ஒரு நெல்லை இன்னொரு நெல்லோடு கலந்து தெரிந்தெடுத்த இனங்களே அவை. மரபணு மாற்றம் என்பது வேறு. ஓர் உயிரினத்தின் மரபணுவை ஆய்வுகூடத்திலே பிரித்தெடுத்து இன்னோர் உயிரினத்துள் செலுத்துவது அது. மண்ணில் வாழும் ஒரு பற்றீரியாவின் மரபணுவைச் சோளத்துள் வைத்தால், அந்தச் சோளம் புழுவைக் கொல்லும் புரதத்தைத் தானே உண்டாக்குகிறது. களைநாசினி தெளித்தாலும் சாகாத சோயாவும் இப்படி ஆக்கப்பட்டதே. அது 1996இல் அமெரிக்க வயல்களுக்கு வந்தது. இன்று உலகத்திற் சோயா விளையும் நிலத்தில் ஏறத்தாழ முக்காற்பங்கில் மரபணு மாற்றப்பட்ட சோயாவே விளைகிறது. இலங்கை மண்ணில் அத்தகைய பயிர் எதையும் வணிகத்துக்காகப் பயிரிட அனுமதி வழங்கப்படவில்லை. ஆகவே இது வரம்பு வழியாக வரும் பிரச்சினையன்று. துறைமுகம் வழியாக வரும் பிரச்சினை.

இன்னொன்றையும் ஒளிக்காமற் சொல்லிவிடுகிறேன். மரபணு மாற்றப்பட்ட உணவெல்லாம் நஞ்சு என்று வாதாட நான் வரவில்லை. அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகங்கள் 2016இல் வெளியிட்ட நீண்ட அறிக்கை, விற்பனையில் இருக்கும் அத்தகைய உணவு மற்ற உணவைவிட மனிதருக்குக் கூடிய ஆபத்தானது என்பதற்கு ஆதாரம் காணவில்லை என்றே கூறியது. அதே அறிக்கை, களைநாசினியை எதிர்க்கும் களைகள் பெருகிவிட்டதைப் பெரிய விவசாயப் பிரச்சினையென்றும் கூறியது. இவ்விரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும். ஒன்று பாதுகாப்பானதா என்பது விஞ்ஞானியின் கேள்வி. அது எனக்கு வேண்டுமா என்பது என் கேள்வி. சைவ உணவு உண்பவர் ஒருவர் பொதியிலே மாட்டுக்கொழுப்பு உண்டா என்று கேட்டால், மாட்டுக்கொழுப்பு நஞ்சன்று என்று பதில் சொல்வது பதிலாகுமா?

சட்டம் உண்டு, சாட்சியைக் காணோம்

இந்த நாட்டிலே சட்டம் இல்லையென்று எவரும் எண்ணவேண்டாம். 2001ஆம் ஆண்டிலே இலங்கை அரசாங்கம் ஒரு துணிச்சலான காரியத்தைச் செய்யப் புறப்பட்டது. மரபணு மாற்றப்பட்ட உணவு வகைகளின் இறக்குமதியை அவ்வாண்டு மே முதலாந் தேதியிலிருந்து தடைசெய்வதாக அறிவித்தது. உலக வர்த்தக ஸ்தாபனத்தின் வாயிலாகவும் வல்லரசின் வாயிலாகவும் நெருக்குதல் வந்தது. தடை செப்டம்பருக்குத் தள்ளிப்போடப்பட்டது. பின்னர் காலவரையறையின்றி நிறுத்தப்பட்டது. சிறிய நாடொன்று தன் மக்களின் உணவைப்பற்றித் தானே தீர்மானிக்க முயன்று, அத்தீர்மானம் அமுலுக்கு வருமுன்னரே பின்வாங்கிய கதை அது.

ஐந்தாண்டுகளின் பின், 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ், 2006 ஓகஸ்டில் புதிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. 2007 சனவரி முதல் அவை நடைமுறைக்கு வந்தன. அவ்விதிகள் சொல்வதென்ன? தலைமை உணவு அதிகாரத்தின், அதாவது சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகத்தின், அங்கீகாரம் இல்லாமல் மரபணு மாற்றப்பட்ட உணவை எவரும் இறக்குமதி செய்யவோ, களஞ்சியப்படுத்தவோ, விற்கவோ கூடாது. அங்கீகாரம் பெற்றாலும் சுட்டுத்துண்டிலே அதனை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். தவிர்க்கமுடியாத கலப்புக்கு அரை வீதம் வரையே சலுகை. ஐரோப்பிய ஒன்றியத்திலே இந்த எல்லை 0.9 வீதம். அமெரிக்காவிலோ 2022 சனவரியிலேதான் கட்டாய அறிவித்தல் வந்தது. அங்கு எல்லை 5 வீதம். எழுத்தளவிற் பார்த்தால் எங்கள் சட்டம் ஐரோப்பாவின் சட்டத்தைவிடக் கண்டிப்பானது!

அப்படியானால் கிளிநொச்சிச் சந்தையிலும் பரந்தன் கடைகளிலும் ‘மரபணு மாற்றப்பட்டது’ என்று எழுதிய பொதியை உங்களில் எத்தனைபேர் கண்டிருக்கிறீர்கள்? கையை உயர்த்துங்கள் பார்க்கலாம். ஒருவருமில்லை. இதற்கு இரண்டு விளக்கங்களே இருக்கமுடியும். ஒன்று, அத்தகைய பொருள் ஒரு துளியேனும் இந்நாட்டுக்குள் வரவில்லை. மற்றது, வருகிறது, ஆனால் பார்ப்பாரில்லை. எது உண்மையென்று நான் ஊகிக்கப்போவதில்லை. ஊகத்தின் மேல் வழக்குத் தொடுக்கும் வழக்கம் எனக்கில்லை. அரசாங்கமே பதில் சொல்லவேண்டும். பதில் சொல்ல வைக்கும் வழியைப் பின்னர் கூறுகிறேன்.

சோதித்துப் பார்த்தால் தெரியாதா என்று இளைஞர் ஒருவர் இந்தக் கூட்டம் தொடங்குமுன் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. சோயா விதையையோ மாவையோ ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் தெரியும். ஆனால் அதே சோயாவிலிருந்து பிழிந்து, சுத்திகரித்து, பளபளவென்று போத்தலில் அடைத்த எண்ணெயை அனுப்பினால் பெரும்பாலும் தெரியாது; மரபணுவும் புரதமும் சுத்திகரிப்பில் நீங்கிவிடுகின்றன. கொலை வழக்கிலே சடலமே இல்லாத நிலை போன்றது அது. அப்போது வைத்திய சாட்சியம் உதவாது, ஆவணச் சாட்சியமே உதவும். இதனை உணர்ந்துதான் ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் இயற்றிய விதியிலே, வயலிலிருந்து கடைவரை ஒவ்வொரு வியாபாரியும் அடுத்தவருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும், அந்த ஏட்டை ஐந்தாண்டுகள் வைத்திருக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. எங்கள் விதிகளும் மரபணு மாற்றப்பட்டவற்றிலிருந்து ஆக்கப்பட்ட உணவையும் தம்முள் அடக்குகின்றன. ஆனால் ஏடு இல்லாத இடத்திலே அந்த வாசகத்தை எதைக்கொண்டு நிரூபிப்பது?

இன்னொரு வாசல் அகலத் திறந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் விதிகள் மனிதர் உண்ணும் உணவைப்பற்றியவை. கோழியும் மாடும் உண்பதை அவை பேசவில்லை. தீவனம் வேறு, உணவு வேறு என்று கோடு கிழித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு நடந்ததை நினைக்கவேண்டும். ‘ஸ்ரார்லிங்’ என்றொரு சோளம். விலங்குத் தீவனத்துக்கு மட்டுமென்று 1998இல் அனுமதி பெற்றது. மனித உணவுக்கு அனுமதியில்லை. இரண்டே ஆண்டுகளில், மக்கள் கடைகளில் வாங்கித் தின்னும் சோள அப்பத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டது. அரசாங்க அதிகாரிகள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. பொதுமக்கள் இயக்கங்கள் கடையில் வாங்கி, தம் செலவிற் பரிசோதித்துக் கண்டன. பின்னர் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்கள் கடைகளிலிருந்து மீளப் பெறப்பட்டன. ஒரே லொறியில், ஒரே களஞ்சியத்தில், ஒரே ஆலையில் போய்வரும் தானியத்துக்குக் கோடு தெரியுமா?

ஒரே இரவில் ஒரு நாடு சேதனமானது

இனி ‘சேதனம்’ என்ற சொல்லுக்கு வருவோம். இந்தச் சொல்லைக் கேட்டதும் உங்கள் முகங்கள் மாறுவதைக் காண்கிறேன். காரணம் எனக்குத் தெரியும்.

2019ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்திலே பத்தாண்டுகளில் சேதனப் பசளைக்கு மாறுவோம் என்றார்கள். 2021 ஏப்ரல் இறுதியிலே மந்திரிசபை தீர்மானித்தது. மே 6ஆம் தேதியிட்ட 2226/48ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியோடு இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் துறைமுகத்திலே நின்றன. பத்தாண்டு ஒரு வாரமாகச் சுருங்கியது! ஒரு வயலைச் சேதன வயலென்று ஏற்க, உலக உணவுத் தர அமைப்பான ‘கோடெக்ஸ்’ வகுத்த வழிகாட்டி ஆண்டுப் பயிருக்கு இரண்டு ஆண்டு மாறுகாலம் வேண்டும் என்கிறது. அமெரிக்க விதி மூன்று ஆண்டு கேட்கிறது. ஒரு வரம்புக்குள் இருக்கும் ஒரு வயலுக்கே இந்தக் காலம் வேண்டுமானால், ஒரு நாட்டுக்கு எவ்வளவு காலம் வேண்டும்? அந்தக் காலபோகத்திலே மஞ்சள் பாரித்து நின்ற பயிரை நீங்கள் கண்டீர்கள். நாடெங்கும் நெல் சரிந்தது. அரிசி இறக்குமதி செய்யவேண்டி வந்தது. நொவம்பர் இறுதியில் தடை நீங்கியது. ஆனால் அப்போது விதைப்பு முடிந்துவிட்டது.

அந்த வர்த்தமானி எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்பதைக் கவனியுங்கள். விவசாயச் சட்டமொன்றின் கீழ் அன்று. 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி, ஏற்றுமதி (கட்டுப்பாட்டு)ச் சட்டத்தின் கீழ்! விவசாயம் மாகாண சபையின் நிரலில் இருக்கிறது என்று 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் கூறுகிறது. அந்த நேரம் வட மாகாணத்தில் தெரிவுசெய்யப்பட்ட சபையே இருக்கவில்லை. அதன் காலம் 2018 ஒக்டோபரிலேயே முடிந்துவிட்டது. ஆக, எவரையும் கேளாமல், கேட்கவேண்டிய சபையும் இல்லாமல், துறைமுகக் கதவை மூடுவதன் மூலம் உங்கள் வயலின் முறை மாற்றப்பட்டது. பெருவரம்பு கட்டிய மக்களுக்கு இந்த மரியாதைதான் கிடைத்தது.

அதே ஆண்டில் நிகழ்ந்த இன்னொன்று நமது பொருளுக்கு மிக நெருங்கியது. சேதனப் பசளையென்ற பெயரோடு சீனாவிலிருந்து இருபதினாயிரம் தொன்னை ஏற்றிக்கொண்டு ‘ஹிப்போ ஸ்பிரிட்’ என்ற கப்பல் புறப்பட்டது. எங்கள் தாவரத் தொற்றுத்தடை உத்தியோகத்தர்கள் மாதிரியைச் சோதித்து, அதிலே பயிருக்குத் தீங்கு செய்யும் பற்றீரியா இருக்கிறதென்றார்கள். கம்பெனி மறுத்தது. மக்கள் வங்கி பணம் கொடாதபோது சீனத் தூதரகம் அவ்வங்கியைக் கறுப்புப் பட்டியலில் இட்டது. ஈற்றிலே 2022 சனவரியில் எழுபது இலட்சம் டொலருக்குச் சற்றுக் குறைவான தொகையை, ஒரு மூடை பசளையும் இறங்காமலே, இலங்கை செலுத்தியது. அந்த உத்தியோகத்தர்கள் சோதித்துச் சொல்லியிராவிட்டால், ‘சேதனம்’ என்ற சொல்லைச் சுமந்த மூடைகள் இந்த வாய்க்கால்வரை வந்திருக்கும். பெருமை பேசாமல் தம் கடமையைச் செய்த அவ்வுத்தியோகத்தரை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அதே ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து ‘நனோ நைதரசன்’ என்று விமானத்தில் வந்து இறங்கியது என்னவென்று உங்களுக்குத் தெரியும். வந்தது திரவ யூரியா. யூரியாவைத் தடுத்த அரசாங்கமே, பெயரை மாற்றி யூரியாவை வரவழைத்தது.

ஆனாலும் நண்பர்களே, அரசாங்கம் ஒரு நல்ல சொல்லைக் கொண்டு நம்மை அடித்தது என்பதற்காக அந்தச் சொல்லை நாம் வெறுத்து ஒதுக்குவது நட்டத்தின் மேல் நட்டம். மொட்டைக்கறுப்பனையும் பச்சைப்பெருமாளையும் விரும்பி வாங்குவோர் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இலண்டனிலும் தொறன்ரோவிலும் இருக்கிறார்கள். அவர்கள் கொடுக்க விரும்பும் கூடிய விலை, முதுகு முறியக் களை பிடுங்கியவருக்கு வராமல், பொதியிலே பச்சை இலைப் படம் அச்சடிக்கத் தெரிந்தவருக்குப் போகிறது. ‘இயற்கை’, ‘பாரம்பரியம்’, ‘நஞ்சற்றது’ என்று கண்டபடி அச்சடிக்கிறார்கள். இச்சொற்கள் ஒவ்வொன்றும் எதைக் குறிக்கின்றன என்று கேட்டால் அச்சடித்தவருக்கே தெரியாது. அமெரிக்கக் கடைகளில் உப்புப் பொதியிலும் ‘மரபணு மாற்றமில்லாதது’ என்று போடுகிறார்களாம். உப்புக்கு மரபணு ஏது?

‘சேதனம்’ என்ற சொல்லுக்கு உலகெங்கும் ஒப்புக்கொண்ட பொருள் ஒன்று உண்டு. செயற்கைப் பசளையும் செயற்கைக் கிருமிநாசினியும் இல்லாமல் விளைந்தது என்பது அதன் ஒரு பாதி. மரபணு மாற்றப்பட்ட விதையோ மூலப்பொருளோ கலவாதது என்பது மறு பாதி. இந்த மறு பாதி தானாக வந்து சேர்ந்ததன்று. 1997 டிசம்பரில் அமெரிக்க விவசாயத் திணைக்களம் வெளியிட்ட முதல் நகல் விதிகள், மரபணு மாற்றப்பட்ட பொருளையும் சேதனமென்று அழைக்க இடம் வைத்தன. நகரக் கழிவுச் சேற்றைப் பசளையாக இடவும் இடம் வைத்தன. அந்நாட்டு மக்கள் என்ன செய்தார்கள்? ஏறத்தாழ 2,75,000 கடிதங்களும் கருத்துரைகளும் அனுப்பினார்கள். திணைக்களம் நகலைக் கைவிட்டு மீண்டும் எழுதியது. 2000ஆம் ஆண்டு வந்த இறுதி விதியிலே இரண்டுக்கும் இடமில்லை. கடிதம் எழுதுவதால் என்ன நடக்கும் என்று நம்மிடம் சலிப்போடு கேட்பவர்களுக்காக இதனைச் சொல்கிறேன்.

இலங்கையிலே இலங்கைக் கட்டளைகள் நிறுவகம் 1324ஆம் இலக்க நியமத்தைச் சேதன விளைபொருளுக்கென வகுத்திருக்கிறது. ஏற்றுமதிக்காக ஏற்றுமதி அபிவிருத்திச் சபையின் கீழ் ஒரு தேசிய சேதனக் கட்டுப்பாட்டுப் பிரிவும் இருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளரின் நம்பிக்கைக்கு இத்தனை ஏற்பாடு. உள்ளூரில் வாங்குபவருக்கு நியமம் விருப்பத்தைப் பொறுத்தது. ஆயினும் கையில் ஆயுதமே இல்லையென்று நினைக்கவேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வியாபாரி எவரும் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் செயலில் ஈடுபடக்கூடாது என்கிறது. 31ஆம் பிரிவு, பொருளின் தரத்தையும் சேர்மானத்தையும் பற்றிப் பொய்யாகக் கூறுவதைத் தடுக்கிறது. பொய்யாகச் ‘சேதனம்’ என்று அச்சடித்தவர் இவ்விரு பிரிவுகளுக்கும் பதில் சொல்லவேண்டும். முறையிடுவதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அயலவர் சாட்சி

சான்றிதழ் வாங்கிவிட்டால் எல்லாம் தீருமா? மேற்கு அவுஸ்திரேலியாவில் கோஜனப் என்ற ஊரிலே ஸ்ரீவ் மார்ஷ் என்ற கமக்காரர் ஒருவர். சேதனச் சான்றிதழ் பெற்றவர். 2010இல் அயற் காணியில் விளைந்த மரபணு மாற்றப்பட்ட கனோலாவைக் காற்று அவர் காணிக்குள் கொண்டுவந்து போட்டது. அவர் கனோலாவே பயிரிடாதவர். ஆயினும் காணியில் ஏறத்தாழ 70 வீதம் சான்றிதழை இழந்தது. அயலவர் மேல் வழக்குத் தொடுத்தார். 2014இல் தோற்றார். 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலே மூவரில் இருவர் அவருக்கு எதிராகத் தீர்த்தனர். அயலவர் சட்டத்துக்கு உட்பட்ட பயிரைத்தான் விளைவித்தார் என்றும், சான்றிதழ் கொடுத்த ஸ்தாபனமே தன் விதியைத் தவறாகப் பிரயோகித்தது என்றும் விசாரணை நீதிபதி கண்டார். தீர்ப்பு சரியோ பிழையோ, அதில் நமக்கொரு எச்சரிக்கை உண்டு. எங்கோ இருக்கும் ஸ்தாபனம் எழுதிய விதியை நம்பித் தனியொருவராய் நின்றவர், காற்றடித்தபோது தனியாகவே நின்றார்.

அங்கே காற்று, இங்கே தண்ணீர். இரணைமடு நீர் மேல்வயலில் பாய்ந்து, வரம்பைக் கடந்து, கீழ்வயலுக்கு வருகிறது. மேல்வயற்காரர் களைநாசினி தெளித்துவிட்டு நீரை வடிய விட்டால், கீழ்வயற்காரர் எவ்வளவு விரதம் காத்தும் பயனென்ன? ஆகவே இந்தப் பகுதியிலே சேதன நெல்லை ஒருவர் ஒரு துண்டுக் காணியிலே தனித்துச் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வாய்க்காலின் கீழுள்ளோர் யாவரும் ஒன்றுகூடி, இந்த வாய்க்கால் சேதன வாய்க்கால் என்று தீர்மானித்தாலன்றி அது நிலையாது. அதிலும் வாய்க்காலின் வால்பகுதியிற் தொடங்குவது மடமை, தலைப்பகுதியிலிருந்தே தொடங்கவேண்டும்.

இது நமக்குப் புதிய வித்தையா? சிறுபோகத்துக்குக் குளத்து நீர் போதாத ஆண்டுகளிலே, காணியைப் பங்கு பிரித்து, இன்னார் இத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டத்திலே தீர்மானித்து, அதனை மீறுபவரை நீங்களே தட்டிக் கேட்கிறீர்கள். எவர் துலைந்த நேரத்தில் மடையைத் திறந்தார் என்பது வட்டவிதானையாருக்கு விடியுமுன் தெரிந்துவிடும். அயலவர் கண்ணுக்கு மிஞ்சிய பரிசோதகர் உண்டா? இந்த அயலவர் சாட்சியத்தையே ஒழுங்குபடுத்தி, கமக்காரர் குழுவே ஒருவர் வயலை ஒருவர் பார்த்து எழுத்தில் உறுதி கூறும் முறையை இந்தியா ஏற்றுக்கொண்டிருக்கிறது. பங்கேற்பு உத்தரவாத முறை என்பது அதன் பெயர். 2017ஆம் ஆண்டின் இந்தியச் சேதன உணவு ஒழுங்குவிதிகள், பெருஞ்செலவான மூன்றாந்தரப்புச் சான்றிதழோடு இதனையும் சமமாக ஏற்றன. தான் விளைவித்ததைத் தானே நேரடியாக உண்பவருக்கு விற்கும் சிறு கமக்காரருக்கு விலக்கும் அளித்தன. தமிழ்நாட்டிலே நம்மாழ்வாரும் நெல் ஜெயராமனும் ஊர் ஊராகச் சென்று விதை கொடுத்துச் செய்த பணியும் கமக்காரர் குழுவை நம்பியே நடந்தது. இலங்கையிலும் இத்தகைய குழு முறைக்குச் சட்டபூர்வமான மதிப்பு வேண்டும் என்று நாம் கோரவேண்டும். அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. மண்ணையும் நீரையும் சோதிக்க அறிஞர்களின் உதவியைக் கேட்போம். இங்கிருக்கும் உத்தியோகத்தர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இதில் வேலையுண்டு. கமக்காரர் வயலைப் பார்ப்பர். ஏட்டை ஒழுங்காக எழுதி வைப்பதற்கு நீங்கள் துணை நில்லுங்கள். ஏடு இல்லாத சத்தியம் நீதிமன்றத்தில் நில்லாது.

சுட்டுத்துண்டின் மொழியைப்பற்றியும் ஒரு சொல். 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. மரபணு மாற்றப்பட்டது என்ற எச்சரிக்கை கடுகளவு எழுத்தில் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், முரசுமோட்டையிலே பொதியை வாங்கும் தாய்க்கு அது இல்லாததற்குச் சமம். வாசிக்கத் தெரியாத மொழியிலே சொல்லும் சாட்சியத்துக்கு மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றம் கொடுக்கிறது. கடை கொடுப்பதில்லை. ஆகவே சேர்மானப் பட்டியலும் இவ்வறிவித்தலும் தமிழில், மற்ற எழுத்துக்குச் சமமான அளவில் இருக்கவேண்டும் என்பது நம் கோரிக்கைகளில் முதலாவதாக இருக்கட்டும்.

செய்யவேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் அரசாங்கத்திடம் கேள்வி கேட்கலாம், காரணம் கூறவேண்டியதில்லை, பதினான்கு வேலைநாட்களுக்குள் முடிவைச் சொல்லியாகவேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கும், அதன்பின் ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். அதோ அந்த மேசையிலே தமிழில் எழுதிய விண்ணப்பம் இருக்கிறது. சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகத்திடம் நான்கு கேள்விகள்: 2006ஆம் ஆண்டின் விதிகளின் கீழ் இதுவரை எத்தனை பொருள்களுக்கு அங்கீகாரம் வழங்கப்பட்டது? கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் மரபணு மாற்றத்துக்காக எத்தனை மாதிரிகள் எடுத்தார்கள்? எடுத்த மாதிரிகள் எந்த ஆய்வுகூடத்துக்குப் போயின, எத்தனை நாளில் முடிவு வந்தது? எத்தனை வழக்குகள் தொடரப்பட்டன? பதில் ‘ஒன்றுமில்லை’ என்று வந்தாலும் அது ஆவணம். அதைக்கொண்டு நான் வாதாடுவேன்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு இன்னொரு தாள் இருக்கிறது. அதற்குப் பொதிகள் வேண்டும். ‘சேதனம்’ என்று அச்சடித்த, ஆனால் எவர் சான்றளித்தாரென்று சொல்லாத பொதி உங்கள் வீட்டில் இருந்தால், வாங்கிய பற்றுச்சீட்டோடு கொண்டுவந்து தாருங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் பொதியை மட்டும் கொண்டுவரவேண்டாம்.

வாய்க்கால் அமைப்புத் தலைவர்கள் போகுமுன், தலைப்பகுதியில் இதற்கு இணங்கக்கூடிய வாய்க்கால் எதுவென்று பேசி, காணிக்காரரின் பெயர்ப்பட்டியலை எழுதித் தரவேண்டும். சிறுபோகக் கூட்டத்துக்கு முன் அவர்களை ஒருமுறை தனியே கூட்டிப் பேச எண்ணியிருக்கிறேன். எல்லாரும் இணங்காத வாய்க்காலின் பெயரைத் தயவுசெய்து எழுதவேண்டாம்.